ஓர் இரவும் வெளியில் தங்காதவர்

திரியாய்க்கு ஓடும் பஸ்ஸின் கண்டக்டர்மார் அவருக்குக் 'கடைசி பஸ் அம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். மகளைப் பார்க்கக் காலை பஸ்ஸில் போவார். அங்கே கோயில் திருவிழாவாக இருக்கட்டும், பேரப்பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கட்டும், மகள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து அழட்டும், திருகோணமலைக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸில் ஏறிவிடுவார். ஒருமுறை அந்த பஸ் நிலாவெளி தாண்டியதும் பழுதாகி நின்றுவிட்டது. மற்றவர்கள் தெரிந்த வீடுகளில் படுத்துவிட்டுக் காலையில் போகலாம் என்று கலைந்தார்கள். இவர் தனியாக நடக்கத் தொடங்கினார். வழியில் மீன் லொறி ஒன்றை மறித்து, பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் கொடியில் காய்ந்த சேலையின் வாடையை வைத்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது.

"ஒரு ராத்திரி அங்க ஆர் வீட்டிலயாவது படுத்திட்டு வந்தா என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"ஏலாது ரீச்சர்," என்றார். அவ்வளவுதான். சேலையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். உட்துறைமுகத்தை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே தென்னோலைக் கிடுகு வேலி ஒன்று இருந்தது. நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாறும் குடியியலும் படிப்பித்தேன். கல்யாணம் கட்டவில்லை, வீட்டில் நானும் காது கேளாத அம்மாவும்தான். எனவே பேச்சுத்துணை என்றால் அந்த வேலிதான். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் அக்கா என்பேன். அவர் என்னை ரீச்சர் என்பார். தங்கச்சி என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். படிப்பிக்கிற ஆளை அப்படிக் கூப்பிட வாய் வராது என்று சொல்லிவிட்டார்.

அவருடைய கணவர் டொக்யாட்டில் கப்பல் கயிறுகளையும் சங்கிலிகளையும் பார்க்கும் வேலையில் இருந்தார். இளவயதில் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் பேச்சு அவர் நாக்கில் கடைசிவரை ஒட்டவே இல்லை. அக்கா அப்படியில்லை. பிறந்ததே திருகோணமலையில்தான். அவருடைய தகப்பனும் அதே டொக்யாட்டில் கரி அள்ளியவர்.

இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம், வகுப்பெடுக்கப் போவதில்லை. எடுத்து எடுத்து அலுத்துப்போனவள் நான். சுதந்திரம் கிடைத்த கையோடு பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. ஒருவர் இந்த நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்றது. அக்காவின் தகப்பன் பிறந்தது தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அதனால் அக்கா ஒரு நாள் காலையில் எழும்பும்போது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராக இருந்தார். காகம் கத்தியது, டொக்யாட் சங்கு ஊதியது, அவர் வழக்கம்போல் பிட்டு அவித்தார். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து வந்த சட்டம் ஒரு கதவைத் திறந்தது. அக்கரையிலிருந்து வந்த குடும்பங்கள், குறித்த காலம் இங்கே இடைவிடாமல் வாழ்ந்ததைக் காட்டினால், விண்ணப்பித்துப் பிரசையாகலாம். நடுவில் வெளியே போயிருந்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் போயிருக்கக்கூடாது. கணவன் விண்ணப்பித்தால் மனைவியும் அப்படி வாழ்ந்திருக்கவேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அக்கா போயிருந்தார். யுத்தகாலத்தில் யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது அவர் தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். ஊரே மூட்டை முடிச்சோடு காட்டுப் பக்கம் ஓடியது. விதவையான தாய் அதற்கு முன்பே தொண்டிப் பக்கம் திரும்பிப் போயிருந்தார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது அவர்கள் வழக்கம். குண்டு விழாவிட்டாலும் போயிருப்பார். டொக்யாட் கங்காணி போகச் சொன்னார், வெள்ளைக்காரத் துரை போகச் சொன்னார், கணவர் தலைமன்னார் வரை கூட்டிப்போய்க் கப்பல் ஏற்றிவிட்டார். பெண் குழந்தை பிறந்தது.

பிறந்த பிள்ளைக்குக் குலதெய்வம் கோயிலில் முடி இறக்கிக் காது குத்தாமல் கடல் தாண்டக்கூடாது என்று தாய் சொல்லிவிட்டார். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமனின் மடியில் இருக்கவேண்டும். தாய்மாமன் பர்மாவில் இருந்தவன். யப்பான்காரனுக்குப் பயந்து காடு வழியாக நடந்து, எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாக ஊருக்கு வந்து சேர்ந்தபோது அக்கா புறப்பட்டு ஒரு வருடம் முடியப்போனது. அவன் தேறி எழுந்து, சப்பணம் கட்டி உட்காரும் அளவுக்குப் பலம் வந்த பிறகுதான் காது குத்தினார்கள். அடுத்த கப்பலில் அக்கா திரும்பிவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் சில கிழமைகள் ஆகியிருந்தன. அந்த நேரத்தில் அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணச் சொல்லும் சட்டம் அப்போது பிறக்கவே இல்லை.

கணவர் போட்ட விண்ணப்பத்தின் விசாரணைக்குக் கச்சேரிக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். ஆங்கிலம் தெரிந்தவள் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் தெம்பு என்று நினைத்திருப்பார்கள். அரசாங்க அலுவலகத்துக்கு 'கச்சேரி' என்று எங்கள் ஊரில் பெயர். பாட்டு மட்டும் கிடையாது. என்னை உள்ளே விடவில்லை. கதவு திறந்திருந்ததால் வெளியே கிடந்த மர வாங்கில் குந்தியிருந்து எல்லாம் கேட்டேன்.

அதிகாரி நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போனது. அக்காவுக்கு உட்காரக் கதிரை கொடுத்தார், பிள்ளையைப் பற்றிச் சிரித்த முகத்தோடு விசாரித்தார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "பிள்ளை பிறந்தது அங்கயோ? எவ்வளவு காலம் நிண்டனீங்கள்?"

வேறு யாராக இருந்தாலும் ஒரு சொல்லில் பதில் சொல்லியிருப்பார்கள். அக்காவிடம் அதுவரை யாரும் அந்தக் கதையைக் கேட்டதில்லை. குண்டு விழுந்ததில் தொடங்கினார். கப்பல், வாந்தி, பிள்ளைக்கு வந்த அம்மை, தாயின் பிடிவாதம், பர்மா நடை, எல்லாம் வந்தது. "தம்பி வந்து சேருமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான் ஐயா. தாய்மாமன் மடியில்லாமல் காது குத்தேலாதுதானே?" என்றார். நடுவில் ஓர் இடத்தில் அவருடைய குரல் உயர்ந்தது: "ஏனப்பா என்ர காலை மிதிக்கிறீங்கள்?"

கணவர் காலை இழுத்துக்கொண்டார். அவருக்கு அந்த ஒரு வருட விதி தெரிந்திருந்தது. வழக்குப் பார்க்கும் புரொக்டர் ஒருவர் சொல்லியிருந்தார். மனைவிக்கு அதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, அல்லது பயந்துபோவாள் என்று விட்டுவிட்டார். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார், அதிகாரி எழுதினார். அக்கா முகம் பூரித்து வெளியே வந்தார். "நல்ல மனிசன் ரீச்சர், எல்லாம் வடிவாக் கேட்டவர்," என்றார். கணவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்தச் சில கிழமைகள்தான் காரணம்.

கணவர் அவரை ஒரு நாளும் திட்டவில்லை. வெள்ளைக்காரன் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, பிரசைகளுக்கு மட்டும்தான் வேலை என்று சொல்லி இவரை நிறுத்தினார்கள். அப்போதும் திட்டவில்லை. கடற்கரையில் மீன்காரருக்கு வலையும் கயிறும் முடிந்து கொடுத்துப் பிழைத்தார். வீட்டுக்கு வருபவர்களிடம், "எங்க வீட்டுக் காதுகுத்துக்குக் கவர்மெண்டே வந்து நாள் எண்ணிச்சு, அவ்வளவு பெரிய விசேஷம்!" என்று பகிடி விடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா மட்டும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவார்.

அன்றிலிருந்துதான் அவர் ஓர் இரவும் ஊருக்கு வெளியே தங்காமலானார். தம்பலகாமத்தில் தேர் என்றால் ஒழுங்கையே பாயைச் சுருட்டிக்கொண்டு போகும். இவர் போவார், கும்பிடுவார், வெயில் தாழ்வதற்கு முன் கண்டி வீதிக்கு வந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்பார். கிண்ணியாவிலிருந்து எங்களுக்குத் தயிர் கொண்டுவரும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், தன் மகள் கல்யாணத்துக்கு அழைத்தார். போய்ச் சாப்பாட்டுச் சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்த பெண்களோடு இருந்து சாப்பிட்டுவிட்டு, துறையில் கடைசித் தோணி கட்டுவதற்கு முன் ஓடி வந்துவிட்டார். "ஏன் இந்தப் பறப்பு? எங்கட ஊர் என்ன கடலுக்கு அங்காலயா கிடக்கு?" என்று காக்கா மறுநாள் வேலியடியில் நின்று குறைப்பட்டார். கடலுக்கு அங்காலேதான், குடாவைத் தாண்டித்தானே வருகிறீர்கள் என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

பெரிய சூறாவளி வந்த வருடம் எங்கள் இரண்டு வீட்டுக் கூரையும் பறந்துவிட்டது. என் அண்ணன் மட்டக்களப்பிலிருந்து வாடகை வான் பிடித்து வந்து, கூரை போடும்வரை வந்திருங்கள் என்று எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். நானும் அம்மாவும் போனோம். அக்கா கணவரோடு மரத்தடியில் ஒரு தறப்பாளைக் கட்டிக்கொண்டு மழைக்குள்ளேயே கிடந்தார். நான் திரும்பி வந்தபோது இருமிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அன்றுதான் முதன்முதலாகச் சத்தம் போட்டேன்.

"அக்கா, அந்தச் சட்டத்துக்கு விண்ணப்பிக்கிற காலம் எப்பவோ முடிஞ்சுது. இனி நீங்கள் எங்க நிண்டாலும் அதை ஒருத்தரும் கணக்கெடுக்க மாட்டினம். அதோட மட்டக்களப்பு இலங்கைக்குள்ள இருக்கிற ஊர். வெளிநாடு போறதைத்தான் அண்டைக்குக் கேட்டவை."

"தெரியும் ரீச்சர்."

"தெரிஞ்சுமோ?"

"நான் அம்மா வீட்டை போகேக்க ஒரு சட்டமும் இருக்கேல்லை. எல்லாரும் போ எண்டுதான் சொன்னவை, துரையும் போ எண்டவர். பிறகு வந்த சட்டம் திரும்பிப் பாத்து, அண்டைக்கு ஏன் போனனீ எண்டு கேட்டுது. இண்டைக்கும் எல்லாரும் போ எண்டுதான் சொல்லுறீங்கள். நாளைக்கு வாற சட்டம் எதைத் திரும்பிப் பாக்குமெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

வகுப்பில் எந்தப் பிள்ளையும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எந்தச் சமூகத்துக்கும் பாதகமாகச் சட்டம் செய்ய ஏலாது என்று அரசியலமைப்பில் ஒரு பிரிவு இருப்பதாகக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைப் பாடமாக்கவும் வைத்திருந்தேன். அந்தப் பிரிவு இருக்கும்போதுதான் இத்தனையும் நடந்தது. இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவருடைய பயத்தை முழுப் பைத்தியம் என்றும் சொல்லமுடியாது. டொக்யாட்டில் கணவரோடு வேலை பார்த்த ஒருவர் மன்னாருக்குச் செத்தவீட்டுக்குப் போன இடத்தில், இந்தியாவிலிருந்து கள்ளத்தோணியில் வந்தவர் என்ற சந்தேகத்தில் பிடிபட்டு, தான் யார் என்று காட்டி வெளியே வர அலைந்து திரிந்தார். திரியாயும் கடற்கரை ஊர்தான். முன்பின் தெரியாத முகம் ஒன்று அங்கே பாய் விரித்தால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

மகளின் கதை இன்னொரு கூத்து. அக்கரையில் பிறந்த அந்தப் பிள்ளை திரியாயில் வயல் செய்யும் ஒருவரைக் கட்டினாள். அவர் பரம்பரைப் பிரசை. மனைவி என்ற முறையில் அவளும் பதிந்து பிரசையாகிவிட்டாள். திருகோணமலையில் பிறந்த தாய்க்கு நாடில்லை, தொண்டியில் பிறந்த மகளுக்கு உண்டு. அக்காவுக்கு அதில் பெரிய சந்தோஷம். ஆனால் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தபோது அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து, "எப்ப போறாய்? மருமகன் எப்ப வாறார்?" என்று அரிக்கத் தொடங்கினார். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிக்க முன்பே பச்சை உடம்புக்காரியை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். சம்பந்தி வீட்டில் மனஸ்தாபம். பெற்ற மகளை வைத்துப் பார்க்க மனமில்லாதவள் என்று அங்கே சொன்னார்களாம். வண்டி திரும்பியதும் வேலியைப் பிடித்துக்கொண்டு அக்கா அழுத அழுகை எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு, மிச்சப் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. எங்கே போக விருப்பம் என்று எல்லோரையும் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். ஒழுங்கையில் சிலர் அலுத்துப்போய் இந்தியாவுக்குப் போட்டார்கள். இவர்கள் இருவரும் இங்கேயே இருக்க விரும்புவதாகப் போட்டார்கள். அதோடு பழைய காத்திருப்புப் போய்ப் புதிய காத்திருப்பு வந்தது. வருடங்கள் போயின. பதில் இல்லை. அக்காவின் வைராக்கியம் இன்னும் இறுகியது. முந்தியாவது தம்பலகாமம் வரை போவார், அதையும் நிறுத்திக்கொண்டார். மகள் வீட்டுக்கு மட்டும் போய் அன்றே திரும்புவார்.

இதற்கிடையில் நாடு குடியரசாகி, புதிய அரசியலமைப்பு வந்தது. அடிப்படை உரிமைகள் என்று தனி அத்தியாயமே போட்டிருந்தார்கள். நான் விறாந்தையில் இருந்து பாடக்குறிப்பு எழுதினேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். பேச்சுரிமை, ஒன்றுகூடும் உரிமை, நாட்டுக்குள் விரும்பிய இடத்துக்குப் போகவும் இருக்கவும் உரிமை. ஒவ்வொன்றும் 'பிரசை' என்ற சொல்லோடு வந்தது.

"வடிவாத்தான் எழுதியிருக்கினம்," என்றார். "எங்களைப் பற்றி எங்கயும் வருதோ?"

"இல்லை அக்கா."

"சரி, பிள்ளையளுக்குப் படிப்பியுங்கோ," என்று கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

அதற்குச் சில காலம் கழித்துத்தான் அவருடைய கணவருக்கு நெஞ்சில் நீர் கட்டியது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கண்டிக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். மகளும் மருமகனும் கூட்டிப்போக வந்தார்கள். அக்கா ஒரு பையில் தன்னுடைய சேலைகளை எடுத்து வைத்திருந்தார். நான் கண்ணால் பார்த்தேன். நம்பமுடியாமல் நின்றேன். கதவடியில் கணவரைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். பையைப் பார்த்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"நீ வராத புள்ள. விசாரணை எந்த நேரமும் வரும். ரெண்டு பேர்ல ஒராளாச்சும் சுத்தமா இருக்கட்டும்."

"நீங்கள் தனிய என்னெண்டு?"

"பொண்ணு இருக்கா. நீ ஊர விடாத."

அக்கா பையை அவிழ்த்துச் சேலைகளைத் திரும்ப அலுமாரியில் அடுக்கினார். நான் இரண்டு பேரையும் ஏசினேன். கண்டி என்ன ரங்கூனா என்று கேட்டேன். மருமகனும் என் பக்கம் பேசினார். அந்தக் கிழவர் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரீச்சர், அன்னைக்கு இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம விட்டேன். அதுக்குப் பட்டது போதும்," என்றார்.

ஒரே ஒரு தரம் அக்கா கண்டிக்குப் போனார். விடியற்காலை முதல் பஸ், நோயாளரைப் பார்க்க விடும் நேரம் முடிந்ததும் திரும்பும் பஸ். அந்தக் கொஞ்ச நேரத்திலும், "பஸ் தவறினா என்ன செய்வே? போ, போ," என்று அவர் விரட்டிக்கொண்டே இருந்தாராம். அடுத்த கிழமை அவர் அங்கேயே செத்துப்போனார். மகள் மருந்து வாங்க வெளியே போயிருந்த நேரம். பக்கத்தில் யாருமில்லை.

வான் ஒன்றில் உடலைக் கொண்டுவந்தார்கள். அக்கா பெரிதாக அழவில்லை. பிரேதத்தின் காலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பெண்கள் எழுப்பப் பார்த்தார்கள், விடுங்கோ என்றேன். செத்தவீடு முடிந்து சில நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால் அவர் தண்ணீர் அள்ளும் சத்தம் மட்டும் கேட்கும்.

அதன் பிறகு இன்னும் ஓர் அரசியலமைப்பு வந்தது. என் வேலைக்காலத்தில் மூன்றாவது. இப்போது நான் குறிப்புகளைப் புதுக்கொப்பியில் எழுதக்கூட அலுப்பாகிப் பஞ்சிப்பட்டேன். பழையதில் வெட்டித் திருத்தினேன். ஆனால் இதில் ஒரு புதுமை இருந்தது. எந்த நாட்டுக்கும் பிரசையாக இல்லாமல் இங்கேயே நிரந்தரமாக வாழ்கிறவர்களுக்கும் அந்த உரிமைகள் உண்டு என்று ஒரு பந்தி போட்டிருந்தார்கள். பத்து வருடத்துக்கு மட்டும். நான் ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன்.

"பத்து வருஷத்துக்கோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா."

"அது முதல்ல முடியுமோ, நான் முதல்ல முடிவனோ?" என்றார். வெகு காலத்துக்குப் பிறகு கொஞ்சம் சிரித்தார்.

விசாரணைக்கு அழைப்பு வந்தபோது அவருடைய தலை முழுதும் நரைத்திருந்தது. நான் ஓய்வுபெறும் வருடம் அது. மகளும் திரியாயிலிருந்து வந்து எங்களோடு கச்சேரிக்கு நடந்தாள். பழைய வாங்கு இல்லை. புதிய கட்டிடம். இம்முறை என்னையும் உள்ளே விட்டார்கள். அதிகாரி சின்ன வயதுக்காரர், சிங்களவர். தமிழைத் தட்டித் தடவிப் பேசினார், ஆனால் மரியாதையாகப் பேசினார். பெயர், பிறந்த இடம், கணவர் பெயர், கணவர் இருக்கிறாரா இல்லையா, மகள் எங்கே. அக்கா எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு சொல்லில் பதில் சொன்னார். கை இரண்டையும் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் எந்தக் கேள்விக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அதிகாரி எழுதி முடித்துப் பேனையை மூடினார். "சரி அம்மா. கிடைக்கும். சத்தியம் செய்ய ஒரு நாள் கூப்பிடுவாங்க," என்றார்.

அக்கா எழும்பவில்லை. "ஐயா, மற்றதைக் கேக்கேல்லையே," என்றார்.

"எது அம்மா?"

"நான் எங்கையும் வெளிய நிண்டனானோ எண்டு. நான் நிக்கேல்லை ஐயா. முந்தின விசாரணைக்குப் பிறகு ஒரு ராத்திரியும் இந்த ஊரை விட்டு வெளிய படுக்கேல்லை. இவ ரீச்சர் சாட்சி. என்ர மனிசன் கண்டி ஆஸ்பத்திரியில கிடந்தவர். அங்கையும் போய் நிக்கேல்லை."

அந்த இளைஞர் என்னைப் பார்த்தார். விளங்காமல் மறுபடி அக்காவைப் பார்த்தார்.

"அது ஒண்ணும் நாங்க கேக்கிறது இல்ல அம்மா," என்றார் மெதுவாக. "கண்டியும் நம்ம நாடுதானே."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அறையில் யார் மீதும் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதிகாரிக்குக் கைகூப்பினார். படியிறங்கினார். முற்றத்து வேப்ப மர நிழலில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்த மனிசன் தனியச் செத்தது எதுக்கு ரீச்சர்?"

மூன்று அரசியலமைப்பைப் படிப்பித்தவள் நான். அவருடைய கையைப் பிடித்தேன்.

பஸ் நிலையத்தில் திரியாய் பஸ் புறப்பட நின்றது. மகள் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, எல்லாம் சரிவந்திட்டுது. இனியாவது என்னோட வாங்கோ. ஒரு கிழமை நில்லுங்கோ. பேரப்பிள்ளையள் கேக்குதுகள்."

அக்கா மகளின் கலைந்த தலைமயிரை ஒதுக்கிவிட்டார். "அண்டைக்கு ஏலாதெண்டுதானே பிள்ளை நான் அப்பாவிட்டப் போய் நிக்கேல்லை," என்றார். "இண்டைக்கு ஏலுமெண்டு உன்ர வீட்டில வந்து படுத்தா, அண்டைக்கும் ஏலும் எண்டுதானே ஆகும்."

மகள் அழுதுகொண்டே பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் தலையை நீட்டி, "என்னம்மா, ஏறேல்லையோ?" என்று கேட்டான். அக்கா இல்லையென்று தலையாட்டினார். பஸ் போன பிறகு நாங்கள் இருவரும் சந்தைப் பக்கம் போய்க் கொஞ்சம் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.